கணவர் என் வாட்ஸ்அப்பைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் கோபப்படுவது தப்பா?

வெண்முகில் கேட்கிறார்:

என் தங்கை தன் உடல்நிலை பற்றி என்னிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது, நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. போன வாரம் எனக்கும் என் கணவருக்கும் ஒன்றுமில்லாத ஒரு வாக்குவாதம், அதன் நடுவே அவர் வாயிலிருந்து அந்த விஷயம் வந்து விழுந்தது. சொன்ன அடுத்த நொடி அவர் முகமே மாறிவிட்டது. எனக்கு அப்போது ஒன்றும் பேசத் தோன்றவில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பார்த்தால், நான் தொட்டே பார்க்காத ஒரு கம்ப்யூட்டர் அதில் இருக்கிறது, கடைசியாகப் பயன்பட்ட நேரம் அன்று காலை.

கேட்டேன். மறுக்கவில்லை. பல மாதங்களாகப் படித்து வருவதாகச் சொன்னார். ஏன் என்றதற்கு, "நீ ராத்திரியில் போனைப் பார்த்துச் சிரிக்கிறாய், நான் வந்தால் கவிழ்த்து வைக்கிறாய், எனக்கு மனசு கேட்கவில்லை" என்றார். அத்தனை மாதம் படித்தும் தப்பாக எதுவும் கண்ணில் படவில்லை என்று அவரே சொல்கிறார். ஆனாலும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "மறைக்க ஒன்றும் இல்லையென்றால் உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அதற்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, செலவுக்குக் கணக்குக் கேட்டதில்லை, குழந்தைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். என் போனின் பின் நம்பரைக்கூட நான்தான் கல்யாணமான புதிதில் சொன்னேன், அவசரத்துக்கு உதவும் என்று. அவர் போனின் பின் எனக்கும் தெரியும், ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அப்படி ஓர் எண்ணம் எனக்கு வருவதே எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கோபப்படுவது நியாயம்தானா, இல்லை பெரிதுபடுத்துகிறேனா? வாட்ஸ்அப் தவிர வேறு எதையாவது பார்க்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்றும் தெரியவில்லை. யாராவது நிதானமாகச் சொல்லுங்கள்.

படகோட்டி:

சகோதரி, நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் யார் போனுக்கும் பூட்டு கிடையாது. என் போனில் வரும் செய்திக்கு என் மனைவியே பதில் போடுவாள், அவள் போன் அடித்தால் நான் எடுத்துப் பேசுவேன். இரண்டு பேருக்கும் லொக்கேஷன் எப்போதும் ஆன், தாமதமானால் போன் செய்யாமல் மேப்பைப் பார்த்துக்கொள்வோம். இதனால் எங்களுக்குள் ஒரு சங்கடமும் வந்ததில்லை. கல்யாணம் ஆன பிறகு உன்னுடையது என்னுடையது என்று என்ன இருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

உங்கள் கணவர் சொல்லாமல் பார்த்தது சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தால் பார்க்கிற மனிதனுக்கு மனசில் என்னென்னவோ ஓடும், அதையும் யோசியுங்கள். அவர் கேட்டிருக்க வேண்டும், நீங்களும் சொல்லியிருக்கலாம். இனிமேல் இரண்டு போனையும் திறந்து வைத்துவிடுங்கள், சந்தேகத்துக்கே இடமிருக்காது.

தாழ்வாரம்:

படகோட்டி, உங்கள் வீட்டில் நடப்பதும் வெண்முகில் வீட்டில் நடந்ததும் வேறு வேறு. நீங்கள் படிப்பீர்கள் என்று உங்கள் மனைவிக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதுகிறார். நாளைக்கே "இந்தப் பேச்சை மட்டும் படிக்காதீங்க" என்று அவர் சொன்னால் நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இங்கே வெண்முகிலுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. தங்கை மட்டும் படிப்பாள் என்று நம்பி எழுதியிருக்கிறார், தங்கையும் அதே நம்பிக்கையில் எழுதியிருக்கிறார், நடுவே மூன்றாவதாக ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

வெண்முகில், "மறைக்க ஒன்றும் இல்லையென்றால்" என்ற கேள்விக்குப் பதில் உங்கள் தங்கை விஷயத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டும் உரிமை உங்களுக்கே கிடையாது, அது அவளுடையது. நம் ஒவ்வொருவர் போனிலும் இப்படி எத்தனை பேர் வாழ்க்கை கிடக்கிறது என்று பாருங்கள். விவாகரத்து பற்றி யோசிக்கும் தோழி, கடனில் மாட்டிய அண்ணன், மேலதிகாரியின் தொல்லையை யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று எழுதிய அலுவலக நண்பர். இவர்கள் எல்லாரும் நம்மை நம்பிச் சொன்னார்கள், நம் வீட்டுக்காரரை நம்பிச் சொல்லவில்லை. இரண்டு போனையும் திறந்து வைத்துவிடுங்கள் என்று படகோட்டி சொல்வதில் எனக்கு இருக்கும் தயக்கமும் இதுதான். கணவனும் மனைவியும் மனசார ஒத்துக்கொண்டாலும், அந்த ஒப்பந்தத்தில் மற்றவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பல மாதம் படித்தும் எதுவும் கிடைக்கவில்லை என்று அவரே சொல்கிறார், ஆனாலும் அன்று காலை வரை படித்திருக்கிறார். படித்தால் நம்பிக்கை வரும் என்றால் முதல் வாரத்திலேயே நிறுத்தியிருப்பாரே. சந்தேகத்தோடு படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், ஒன்றும் இல்லை என்று தோன்றுவதில்லை, நன்றாக மறைக்கிறாள் என்றுதான் தோன்றும். நீங்கள் எதேச்சையாக அழித்த ஒரு செய்தி, யாரோ போட்ட ஒரு சிரிப்புப் படம், பதில் போடத் தாமதமான அரை மணி நேரம், எல்லாமே தடயமாகிவிடும். புண்ணைச் சொறிவது மாதிரி, சொறியும்போது இதமாகத்தான் இருக்கும். எப்போது நிறுத்துவதாக இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரிடம் பதில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் அவர் போனைப் பார்க்காமல் இருப்பதும் சரி, அதைக் கைவிடாதீர்கள்.

மேசைவிளக்கு:

உறவைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை, போன் பற்றித் தெரியும், அதை மட்டும் சொல்கிறேன். எதையும் தொடும் முன் ஒரு கேள்வி: இணைப்பைத் துண்டித்தால் அவர் ஆத்திரப்படுவார் என்ற பயம் உங்களுக்குத் துளியாவது இருக்கிறதா? துண்டித்தது அவருக்குத் தெரிந்துவிடும், அவர் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப் வெளியேறி நிற்கும். பயம் இருந்தால் முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் செய்யுங்கள், அதையும் இந்தப் போனிலிருந்து சொல்லாதீர்கள். பயமில்லை என்றால் மேலே படியுங்கள்.

வாட்ஸ்அப்பில் உங்கள் போன் போக நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். இணைக்க உங்கள் போன் ஒரு நிமிடம் கையில் கிடைத்தால் போதும், அதன் பிறகு உங்கள் போன் அணைந்திருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குச் செய்திகளை வாங்கிக்கொள்ளும். உங்கள் போனை 14 நாள் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால்தான் இணைப்பு தானாகப் போகும், அது நடக்கிற காரியமில்லை. எனவே அந்தப் பட்டியலை முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தச் சாதனத்தைத் தொட்டு வெளியேற்றுங்கள். இனி வருவது அங்கே போகாது. ஏற்கெனவே அவர் படித்ததையும் படமெடுத்து வைத்ததையும் இதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நிறையப் பேர் வாட்ஸ்அப்பின் இரண்டு படிச் சரிபார்ப்பை வைத்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கிறார்கள். அது உங்கள் நம்பரை வேறொரு போனில் புதிதாகப் பதிவு செய்வதைத் தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் போனையே திறக்கத் தெரிந்தவர் கம்ப்யூட்டரை இணைப்பதை அது தடுக்காது. எனவே போனின் பின்னை மாற்றுங்கள், மாற்றிவிட்டு விரல்ரேகைப் பகுதியையும் கட்டாயம் பாருங்கள். பின் தெரிந்தவர் தன் விரலை எப்போதோ சேர்த்து வைத்திருக்கலாம், பின்னை மாற்றினாலும் அந்த விரல் வேலை செய்யும். எல்லா ரேகையையும் அழித்துவிட்டு உங்களுடையதை மட்டும் மறுபடி பதிவு செய்வது சுலபம்.

அடுத்து கூகுள் கணக்கு. பாதுகாப்புப் பகுதியில் உங்கள் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும், அறியாதது இருந்தால் வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்புக்கான நம்பரும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள், அவை அவருடையதாக இருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கூகுள் மேப்ஸில் லொக்கேஷன் பகிர்வு யாருடன் ஆனில் இருக்கிறது என்பதும் ஒரு தட்டில் தெரியும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் சேஃப்டி செக் என்று ஒன்று இருக்கிறது, ஐஓஎஸ் 16 முதல், யாருக்கு என்ன பகிர்கிறீர்கள் என்று ஒரே இடத்தில் காட்டி அங்கேயே நிறுத்தவும் விடும்.

உளவு செயலி ஏதாவது போட்டிருப்பாரோ என்ற பயம் இருந்தால், ஆண்ட்ராய்டில் பார்க்க வேண்டியவை இவை: பிளே ஸ்டோரில் கெட்ட செயலிகளைத் தேடும் பிளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா, திரையில் இருப்பதைப் படிக்க விடும் ஆக்சஸிபிலிட்டி அனுமதி எந்தச் செயலிகளுக்கு இருக்கிறது, போனைக் கட்டுப்படுத்த அனுமதி பெற்ற செயலிகளின் டிவைஸ் அட்மின் பட்டியலில் பெயர் தெரியாதது ஏதாவது இருக்கிறதா, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி நிறுவ எதற்காவது அனுமதி கொடுத்திருக்கிறதா. இந்தச் செயலிகள் தங்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும், 'சிஸ்டம் சர்வீஸ்' போன்ற சாதுவான பெயரில் இருக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, போன் சூடாகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், பழைய போன் எல்லாமே அப்படித்தான். *#21# போட்டால் உளவு தெரிந்துவிடும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது, அது உங்கள் அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்படுகிறதா என்று மட்டும் காட்டும், வேறு எதையும் காட்டாது.

இதைப் படிக்கும் மற்ற கணவன் மனைவிகளுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட செயலியைப் போடுகிறவர் தான் மட்டும் பார்ப்பதாக நினைக்கிறார். எல்லாம் முதலில் போவது முகம் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்கு. லெட்மீஸ்பை என்ற செயலி 2023-ல் ஹேக் செய்யப்பட்டது, அதில் யார் யாரைக் கண்காணித்தார்களோ அவர்களுடைய செய்திகளும் அழைப்பு விவரங்களும் வெளியே போயின, கம்பெனியே மூடப்பட்டது. பிசிடேட்டில்டேல் என்ற செயலிக்கும் 2024-ல் அதே கதி. ஸ்பைஃபோன் என்ற நிறுவனத்தை அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2021-ல் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று தடை செய்தது. கூகுள் பிளேயின் விதியில், பிள்ளைகளைப் பெற்றோர் கண்காணிப்பதற்கான செயலியை வாழ்க்கைத் துணையைக் கண்காணிக்கப் பயன்படுத்தக் கூடாது, அவர் சம்மதித்தாலும் கூடாது என்றே எழுதியிருக்கிறது. துணையைக் கண்காணிப்பதாக நினைத்து அவர் அந்தரங்கத்தைத் திருடர்கள் கைக்குக் கொடுக்காதீர்கள்.

சுவடி:

நான் மறுபக்கத்திலிருந்து வருகிறேன். எனக்கு வந்த சந்தேகம் உண்மையாகிவிட்டது. என் கணவருக்கு வேறொரு உறவு இருந்தது, மேசை மேல் கிடந்த அவர் போனில் வந்த ஒரு செய்திதான் காட்டிக்கொடுத்தது. அதனால் சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் மனநோயாளி என்பதுபோல் யாராவது பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். மனசுக்குப் படுவது சில சமயம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்களுக்கு எல்லாம் மாறியது போனைப் பார்த்ததால் இல்லை. நேருக்கு நேர் கேட்டேன், முதலில் பொய் சொன்னார், அப்புறம் சொன்னார். பிரிவதா சேர்ந்திருப்பதா என்று நீண்ட காலம் தவித்தோம். சேர்ந்திருக்க முடிவு செய்தபோது, எங்கள் ஆலோசகர் ஒரு ஏற்பாடு சொன்னார்: அவர் தன் போனைத் தானாகவே என்னிடம் காட்டுவார், நான் கேட்டால் எங்கே இருக்கிறார் என்று உடனே சொல்வார், ஆனால் இது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதன் பிறகு உட்கார்ந்து பேசி நிறுத்தலாமா தொடரலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அந்தக் கால எல்லை எனக்கு அப்போது பிடிக்கவில்லை, தப்பு செய்தவருக்கு என்ன சலுகை என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன், அது அவருக்கு இருந்ததைவிட எனக்குத்தான் தேவையாக இருந்தது. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நான் காவல்காரியாகவே இருந்திருப்பேன்.

வெண்முகில், உங்கள் கணவருக்கு உள்ளே ஏதோ பயம் இருக்கிறது, அது நிஜம். அந்தப் பயத்தை உங்களிடம் சொல்லாமல் உங்கள் செய்திகளில் தேடியிருக்கிறார். அங்கே இல்லாத பதிலை எப்படிக் கண்டுபிடிப்பார்? ராத்திரி ஏன் சிரித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் காட்டியே இருப்பீர்கள்.

ஈரமண்:

குடும்ப ஆலோசனைத் துறையில் இருக்கிறேன், பொதுவாகச் சொல்கிறேன், உங்களை நேரில் பார்க்காமல் முடிவு எதுவும் சொல்ல மாட்டேன்.

பயத்தால் பார்ப்பது, பிடிக்குள் வைத்திருக்கப் பார்ப்பது இரண்டும் உண்டு, வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். வித்தியாசம் பிடிபட்ட பிறகு தெரியும். பயத்தால் செய்தவர் முதலில் எதிர்த்துப் பேசினாலும், கொஞ்ச நாளில் தன் பயத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், துணையின் வலி அவருக்கு உறைக்கும். பிடிக்குள் வைத்திருக்கப் பார்த்தவரோ அடுத்த வழியைத் தேடுவார், புது பாஸ்வேர்டைக் கேட்பார், யாரோடு பேசலாம் யாரோடு கூடாது என்று சொல்ல ஆரம்பிப்பார், பணத்திலும் வெளியே போவதிலும் தலையிடுவார், படித்ததைச் சண்டையில் ஆயுதமாக எடுப்பார். இதில் கடைசியாகச் சொன்னது உங்கள் வீட்டில் ஒரு முறை நடந்திருக்கிறது, அதை லேசாக விட வேண்டாம். திரும்ப நடக்கிறதா என்று கவனியுங்கள்.

பேசும்போது அவர் கேள்விக்குப் பதில் தேடி மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்வி வந்ததுமே குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீங்களாகிவிடுகிறீர்கள். "என் கோபத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், உங்களுக்கு என்ன பயம் என்று முதலில் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு, இரண்டு பேர் போனும் வேறு அறையில் இருக்கட்டும். என்னென்ன படித்தார், யாரிடமாவது சொன்னாரா என்பதையும் கேளுங்கள், அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தங்கையிடம் சொல்லிவிடுங்கள். கஷ்டமாக இருக்கும். ஆனால் தன் விஷயம் இன்னொருவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும், வேறு வாயிலிருந்து கேட்டால் உங்களைத்தான் சந்தேகிப்பாள். அவரே சொல்லி மன்னிப்புக் கேட்க முன்வந்தால் இன்னும் நல்லது, வற்புறுத்த வேண்டாம்.

வெண்முகில்:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் பல முறை படித்தேன். மேசைவிளக்கு கேட்ட கேள்விக்கு: பயம் இல்லை, அதனால் அவர் முன்னாலேயே இணைப்பைத் துண்டித்தேன். விரல்ரேகைப் பட்டியலில் என்னுடையதோடு இன்னொன்றும் இருந்தது. அதைக் காட்டியதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்று ராத்திரி ஈரமண் சொன்ன மாதிரி பேசினோம். எதிர்பார்த்ததைவிட நிறையப் பேசினார். நான் வேலையில் மேலே வந்த பிறகு தன்னை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது, என் அலுவலக நண்பர்களோடு நான் சிரித்துப் பேசுவதுபோல் தன்னிடம் பேசுவதில்லை என்று. இதைக் கேட்டதும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காக என் தங்கை பேச்சைப் படித்ததை நான் விடவில்லை, அதையும் சொன்னேன். தங்கையிடம் அவரே பேசுகிறேன் என்றிருக்கிறார், ஆனால் நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. இனி முக்கியமானதை நேரில்தான் சொல்வேன் என்றாள். அது வலிக்கிறது.

ஆலோசகரிடம் போகலாம் என்று நான் சொன்னேன், அவர் யோசிக்கிறேன் என்றார். புது பின்னை அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

படகோட்டி, போனைக் கவிழ்த்து வைப்பது பற்றிச் சொன்னீர்கள். தங்கை பேச்சு திரையில் தெரியக் கூடாது என்றுதான் கவிழ்த்தேன். இதையும் அவரிடம் சொன்னேன்.

மேசைவிளக்கு, இன்னொரு சந்தேகம். குழந்தைகள் விளையாடும் பழைய டேப்லெட்டில் என் கூகுள் கணக்கு இன்னும் திறந்திருக்கிறது. அதிலிருந்து என்ன தெரியும்?

படகோட்டி:

சொன்னதற்கு நன்றி சகோதரி. தாழ்வாரம் எழுதியதைப் படித்த பிறகு என் மனைவியிடம், நான் படிக்கக் கூடாத பேச்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தோழி ஒருத்தியின் பெயரைச் சொன்னாள். சரி என்றேன்.

மேசைவிளக்கு:

நிறையவே தெரியும். குரோமில் சிங்க், அதாவது சாதனங்களுக்கிடையே விவரங்களை ஒத்திசைக்கும் வசதி, ஆனில் இருந்தால் நீங்கள் போனில் பார்த்த பக்கங்களின் வரலாறும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கே வரும், கூகுள் போட்டோஸ் பேக்கப் இருந்தால் படங்கள், அப்புறம் மின்னஞ்சல், காலண்டர், தொடர்புகள். வாட்ஸ்அப் மட்டும் அதில் வராது, தனியாக இணைத்திருந்தால் ஒழிய. டேப்லெட்டின் செட்டிங்ஸில் உங்கள் கணக்கை நீக்கிவிட்டுக் குழந்தைகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்று போட்டுக்கொடுங்கள், பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கவனிக்க கூகுள் தரும் ஃபேமிலி லிங்க்கில் பெற்றோராக இரண்டு பேருமே இருக்கலாம். நீக்கியதும் உங்கள் போனிலிருந்து சாதனப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள், அந்த டேப்லெட் அதில் வெளியேறியதாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கிருந்தே வெளியேற்றுங்கள், அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.